பின்னங்காலில் தொடங்கும் நாற்காலி: முழு மரத்தில், கைக்கருவிகளால் செய்யும் முறை

மேசை செய்யத் தெரிந்தவருக்கெல்லாம் நாற்காலி செய்ய வந்துவிடாது. மேசை வைத்த இடத்தில் நிற்கும். நாற்காலியில் உட்காருபவரோ தொப்பென்று விழுவார், பக்கவாட்டில் வளைந்து கீழே விழுந்த பேனாவை எடுப்பார், பேச்சு சுவையாகிவிட்டால் முன்னங்கால்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிப் பின்னால் சாய்வார். நாற்காலிக்கு எமன் அந்தச் சாய்வுதான். பின்னங்காலும் பக்கச் சட்டமும் (இருக்கைக்கு அடியில் முன்னங்காலையும் பின்னங்காலையும் இணைக்கும் கட்டை) சந்திக்கிற இரண்டே மூட்டுகளை அப்போது உடலின் எடை முழுவதும் நெம்புகிறது. ஆடுகிற பழைய நாற்காலி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விட்டிருக்கும்.

நான் செய்த முதல் நாற்காலி ஏழே மாதத்தில் முறிந்தது. மூட்டு விடவில்லை, பின்னங்காலின் வளைவில் மரமே பிளந்துவிட்டது. துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, நார் ஓட்டம் காலோடு சேர்ந்து போகாமல் வளைவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெளியேறியிருந்தது. அழகான ரேகை என்று ஆசைப்பட்டு எடுத்த பலகை அது. அன்றிலிருந்து எந்த நாற்காலியானாலும் பின்னங்காலில்தான் தொடங்குகிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

இங்கே செய்யப்போவது கைப்பிடி இல்லாத, நேரான முன்னங்கால்களும் பின்னால் சாய்ந்த முதுகும் பலகை இருக்கையும் உள்ள சாதாரண நாற்காலி. மூட்டு எல்லாம் துளையும் நாக்கும். ஒரு கட்டையின் முனையை மெலிதாக்கி நாக்காக நீட்டி, இன்னொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் இறக்குவது. இரும்பாணிக்கு இதில் வேலையில்லை; இருக்கையைப் பிடிக்க மட்டும் சில திருகாணிகள் வேண்டும்.

முதலில் முழு அளவு வரைபடம்

சிறிய தாளில் சிறு அளவில் வரைந்துகொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். நாற்காலியில் கோணங்கள் உண்டு. சிறு படத்தில் கோணம் பொய் சொல்லும். ஓர் ஒட்டுப்பலகையில் பக்கத் தோற்றத்தையும் மேலிருந்து பார்க்கும் தோற்றத்தையும் உண்மையான அளவிலேயே வரையுங்கள். பிறகு கட்டைகளை அந்தப் படத்தின்மேல் நேரடியாக வைத்துக் குறித்துக்கொள்ளலாம். அளவுகோலைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு பிழைக்கு வாய்ப்பு. படத்திலிருந்து நேராக எடுத்தால் அந்த வாய்ப்பு குறையும்.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகள் இவை. தரையிலிருந்து இருக்கையின் மேல்பரப்பு 445 மி.மீ. முன்பக்க அகலம் 450, பின்பக்க அகலம் 380, ஆழம் 420 மி.மீ. முதுகின் உச்சி 880 மி.மீ. உயரத்தில். முதுகின் சாய்வு, செங்குத்துக் கோட்டிலிருந்து 10 பாகை. குட்டையானவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் இருக்கையை 420-க்கு இறக்கலாம். உட்கார்ந்தவரின் பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தி, கால் மரத்துப்போகும்.

இருக்கை முன்னால் அகன்று பின்னால் குறுகுவதால் பக்கச் சட்டம் சாய்வாக ஓடுகிறது. எத்தனை பாகை என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒரு பக்கத்துக்குக் குறுகல் 35 மி.மீ. அதை மொத்த ஆழமான 420-ஆல் வகுக்கக் கூடாது. கால்கள் நேராக நிற்கின்றன, சாய்வது இடையில் உள்ள சட்டம் மட்டுமே. முன்னங்காலின் 40 மி.மீ., பின்னங்காலின் 42 மி.மீ. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 338. 338-க்கு 35 என்றால் கோணம் ஏறத்தாழ 6 பாகை. 420-ஆல் வகுத்தவர்களுக்கு 5 பாகைக்குக் குறைவாக வரும். அந்த ஒரு பாகை வித்தியாசமே மூட்டில் இடைவெளியாகப் பல்லைக் காட்டும். இந்தக் கணக்கும் சரிபார்க்கத்தான். வேலைக்கு வேண்டிய கோணத்தை, எந்தக் கோணத்திலும் திருகி நிறுத்தக்கூடிய சாய்வு மட்டத்தைப் படத்தின்மேல் வைத்தே பூட்டிக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அதைத் திருகித் தளர்த்த வேண்டாம்.

சில நாற்காலிகளில் இருக்கை பின்னால் 15, 20 மி.மீ. தாழ்ந்திருக்கும். வசதிதான். ஆனால் அப்படிச் செய்தால் பக்கச் சட்டத்தின் தோள் (நாக்கு தொடங்கும் இடத்தில் காலில் முட்டி நிற்கும் விளிம்பு) இரண்டு திசையிலும் சாய வேண்டியிருக்கும். முதல் நாற்காலிக்கு அந்தத் தலைவலி வேண்டாம். சட்டங்களை மட்டமாக வைத்துவிட்டு, இருக்கைப் பலகையைப் பின்னால் பார்த்துக் குழித்தால் அதே சுகம் கிடைக்கும்.

மரம்

தேக்கு, வேங்கை, பலா, பூவரசு, ஓக், ஆஷ், பீச் எதிலும் நாற்காலி செய்யலாம். நார் நேராக ஓடுகிறதா, மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்ற இரண்டும்தான் முக்கியம். வைரப்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெளிறு பூச்சிக்கு விருந்து. காலிலும் சட்டத்திலும் கணு இருக்கவே கூடாது. முதுகுப் பட்டையில் சின்னக் கணு ஒன்று இருந்தால் மன்னிக்கலாம்.

காய்ச்சல் தெரிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சில்லு அறுத்து எடை பாருங்கள். அதை 100 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். முதலில் 112 கிராம், உலர்ந்தபின் 100 கிராம் என்றால் ஈரம் 12 சதவீதம். வீட்டுக்குள் வைக்கும் நாற்காலிக்கு 8 முதல் 12 வரை சரியாக இருக்கும். 18, 20 என்று வந்தால் அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நாக்கு ஈரமாக இருந்து துளைக்குள் போன பிறகு காய்ந்தால் அது சுருங்கும். எந்தப் பசையும் அதைத் தடுக்காது. அதனால்தான், காயாத மரத்தில் நாற்காலி செய்பவர்கள்கூடக் காலைச் சற்று ஈரமாகவே வைத்துக்கொண்டு, உள்ளே போகும் கம்புகளை மட்டும் எலும்பாகக் காயவைத்து இறக்குவார்கள். கால் காயக் காயத் துளை அந்தக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வெட்ட வேண்டிய கட்டைகள்:

பின்னங்கால்: 38 மி.மீ. கனம், 170 மி.மீ. அகலம், 900 மி.மீ. நீளமுள்ள ஒரே பலகை (இதிலிருந்து இரண்டு கால்)
முன்னங்கால்: 40 × 40 × 420 மி.மீ., இரண்டு
முன் சட்டம்: 22 × 65 × 426 மி.மீ., ஒன்று
பின் சட்டம்: 22 × 65 × 336 மி.மீ., ஒன்று
பக்கச் சட்டம்: 22 × 65 × 400 மி.மீ., இரண்டு
முதுகுப் பட்டை: 38 மி.மீ. கனக் கட்டையில் 334 மி.மீ. நீளம், மூன்று
அடிச்சட்டங்கள்: 20 × 32 மி.மீ., நீளத்தைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்க
இருக்கை: 28 மி.மீ. கனப் பலகைகள், ஒட்டியபின் 470 × 440 மி.மீ.

சட்டங்களின் நீளத்தில் நாக்கும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் 20 மி.மீ. கூடுதலாக வெட்டி, பிறகு படத்துக்குச் சரிசெய்யுங்கள்.

கருவிகள்

நிறைய வேண்டாம். ஒரு கைரம்பம், நுண்பல் உள்ள முதுகு ரம்பம், வளைவு அறுக்க மெல்லிய அலகு ரம்பம், இழைப்புளி, 10 மி.மீ. மற்றும் 8 மி.மீ. துளையுளி, ஓர் அகன்ற பட்டை உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், சாய்வு மட்டம், விளிம்புக்கு இணையாகக் கோடு கீற மார்க்கிங் கேஜ், குறிக்கத்தி, வளைவு இழைக்க இருபுறம் பிடியுள்ள ஸ்போக்ஷேவ், நாலைந்து கிளாம்ப். பென்சில் தோராய வேலைக்கு, மூட்டுக்குக் குறிக்கத்திதான்.

எல்லாவற்றையும்விடத் தீட்டுக்கல் முக்கியம். பட்டை உளியை 25 பாகையில் சாணை பிடித்து, விளிம்பை மட்டும் 30 பாகையில் தீட்டுங்கள். துளையுளிக்கு 35 வரை போகலாம். அடி வாங்கும் உளிக்கு மெல்லிய விளிம்பு தாங்காது. மரத்தின் வெட்டுமுகத்தை, அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முனையை, சீவினால் பொடியாக உதிராமல் சுருளாக வர வேண்டும். அதுவரை மரத்தில் கைவைக்காதீர்கள்.

பின்னங்கால்

மெல்லிய பலகையில் பின்னங்காலின் உருவத்தை வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 340 மி.மீ. வரை பின்னோக்கிய சிறு சாய்வு. பாதம் சுமார் 40 மி.மீ. பின்னால் தள்ளி நிற்கும். 340-லிருந்து 440 வரை முற்றிலும் நேர். அதற்கு மேலே 10 பாகைச் சாய்வு. உச்சி ஏறத்தாழ 75 மி.மீ. பின்னால் போகும். காலின் பருமன் இருக்கை மட்டத்தில் 42, உச்சியில் 28, பாதத்தில் 34 மி.மீ. பாதம் பின்னால் தள்ளியிருப்பது அழகுக்காக அல்ல. சாய்ந்தவரோடு நாற்காலியும் மல்லாக்க விழாமலிருக்கத்தான்.

நடுவில் விட்ட அந்த நேரான 100 மி.மீ. பகுதிதான் இந்த வடிவத்தின் உயிர். பக்கச் சட்டத்தின் தோள் அங்கேதான் உட்காருகிறது. அது வளைவாக இருந்தால் தோள் ஒருநாளும் படியாது.

இப்போது அச்சைப் பலகையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பலகையின் நார் ஓட்டம் எங்கேனும் மெல்ல வளைந்து போகும். அந்த வளைவோடு காலின் வளைவு ஒத்துப்போகும் இடத்தைத் தேடுங்கள். வளைவுப் பகுதியில் நார் காலின் ஒரு பக்கத்தில் நுழைந்து ஒரு சாணுக்குள் மறுபக்கம் வெளியேறினால் அந்த இடம் வேண்டாம். பலகையில் பாதி வீணாகப் போனாலும் போகட்டும். அச்சை ஒன்றன்பின் ஒன்றாக 48 மி.மீ. தள்ளி வரைந்தால் 170 மி.மீ. அகலத்தில் இரண்டு கால்களும் அடங்கிவிடும். ஒரே பலகையில் அடுத்தடுத்து வருவதால் ரேகையும் இணையாக அமையும்.

இந்த நார்ச் சிக்கலை முற்றிலும் வேறு வழியில் தீர்த்தவர் மிக்கேல் தோனெட். 1859-இல் வெளிவந்த அவரது 14-ஆம் எண் நாற்காலியில் மரத்தை வளைவாக அறுக்கவே இல்லை. பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்து வளைத்தார். இரண்டு பின்னங்கால்களும் முதுகும் ஒரே கம்பு. நார் எங்கும் அறுபடாததால் விரல் பருமனைவிடக் கொஞ்சம் கூடுதலான கம்பு ஒரு மனிதரின் சாய்வைத் தாங்கியது. நாம் ரம்பத்தால் அறுக்கிறோம். ஆகவே நாரைத் தேடிப் போக வேண்டியது நம் பொறுப்பு.

கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, இரண்டு கால்களையும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டுச் சேர்த்தே இழையுங்கள். நேரான பகுதியை இழைப்புளியாலும் வளைவை ஸ்போக்ஷேவாலும். சேர்ந்திருக்கும்போதே துளைகளின் உயரங்களையும் இரண்டிலும் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள்.

பிரித்ததும் முதல் வேலை: இரண்டு கால்களையும் நாற்காலியில் நிற்பது போலவே எதிரெதிரே நிறுத்தி, உள்முகங்களில் பெரிதாகக் குறியிடுங்கள். "இது என்ன பெரிய விஷயம்?" என்று தோன்றும். ஒருமுறை நான் இரண்டு காலிலும் ஒரே பக்கத்தில் துளை வெட்டி, இரண்டு இடது கால்களோடு நின்றேன். அன்று சாயங்காலம் யாரோடும் பேசவில்லை.

துளை வெட்டுதல்

நாக்கின் கனம் கட்டையில் மூன்றிலொரு பங்கு என்று சொல்வார்கள். இரண்டு கட்டையும் ஒரே கனமாக இருக்கும்போது அது சரி. இங்கே கால் கனமானது. எனவே 22 மி.மீ. சட்டத்துக்கு 10 மி.மீ. நாக்கு வைக்கலாம். துளை, காலின் வெளிமுகத்திலிருந்து 10 மி.மீ. தள்ளித் தொடங்கி 20-இல் முடியும். உயரம் 50 மி.மீ.; முன்னங்காலின் உச்சியிலிருந்து 15 மி.மீ. விட்டே துளை தொடங்க வேண்டும், இல்லையேல் தலை பிளக்கும்.

ஆழம் இடத்துக்கு இடம் மாறுகிறது. முன்னங்காலில் முன் சட்டமும் பக்கச் சட்டமும் சமமானவை. இரண்டு துளைகளும் 30 மி.மீ. ஆழத்தில் உள்ளே சந்திக்கும், நாக்குகள் 28 மி.மீ. நீளம், முனைகளை 45 பாகையில் சீவி ஒன்றுக்கொன்று இடம்விடும். பின்னங்காலில் சமத்துவம் கிடையாது. பக்கச் சட்டத்துக்கு 34 மி.மீ. ஆழத் துளை, 32 மி.மீ. நாக்கு. பின் சட்டத்துக்கு 16 மி.மீ. நாக்கு போதும், அது பெரிய நாக்கைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடும். நெம்பப்படுவது பக்கச் சட்டம்தான். மரத்தை அதற்கே கொடுங்கள்.

காலைப் பட்டறைப் பலகையில் கிளாம்ப் போட்டு, நீங்கள் துளையின் நீளத்துக்கு நேராக நில்லுங்கள். அப்படி நின்றால் உளி இடம் வலமாகச் சாய்வது கண்ணில் படும். துளையின் முனைக்கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி முதல் வெட்டு. உளியை நட்டுக்குத்தாகப் பிடித்துக் கொட்டாப்புளியால் ஒரே அடி; 3 மி.மீ. நகர்த்தி அடுத்த அடி. முன்னால் சாய்த்து நெம்பினால் சில்லு ஒன்று பெயர்ந்து வரும். மறுமுனைவரை போய்த் திரும்புங்கள். நெம்பும்போது துளையின் விளிம்பு நசுங்கும். முனையில் விட்டுவைத்த அந்த 3 மி.மீ. நசுங்குவதற்கென்றே உள்ள மரம். ஆழம் முடிந்தபின் கடைசியாக, உளியைக் கோட்டில் வைத்து ஒரே இறக்கில் அதைச் சீவி எடுத்தால் முனை கண்ணாடி போல நிற்கும். ஆழத்துக்கு உளியில் ஒரு நாடாவை ஒட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் பழகினால் அதுவும் தேவைப்படாது. ஆழம் கூடக் கூட அடியின் ஓசை கனத்துக்கொண்டே போவதைக் காது பிடித்துக்கொள்ளும். பக்கச்சுவர்களை வழவழப்பாக்கச் சுரண்டிக்கொண்டிருக்காதீர்கள். சுரண்டினால் துளை அகலும்.

பக்கச் சட்டத்துக்கான துளையைக் காலின் முகத்துக்குச் செங்குத்தாகவே வெட்டுங்கள். சாய்வு முழுவதையும் நாக்கு பார்த்துக்கொள்ளட்டும். 6 பாகைக்கு இது பொருந்தும்: 32 மி.மீ. நீளத்தில் நாக்கு 3.4 மி.மீ.தான் விலகுகிறது, 22 மி.மீ. கட்டைக்குள் அடங்கிவிடும். 10 பாகைக்கு மேல் போகும் வடிவங்களில் நாக்கின் நார் அறுபடும் என்பதால் துளையைத்தான் சாய்க்க வேண்டும். அது தனிக் கலை.

நாக்கும் தோளும்

நாக்கு துளைக்குள் மறைந்துவிடும். வெளியே தெரிவதும் ஆட்டத்தைத் தடுப்பதும் தோள்தான். நாக்கு வெளியே வராமல் பிடிக்கும், தோள் சாயாமல் முட்டுக்கொடுக்கும். தோள் நான்கு பக்கமும் காலில் படியாவிட்டால் எவ்வளவு பசை ஊற்றினாலும் நாற்காலி ஆடும்.

பக்கச் சட்டத்தைப் படத்தின்மேல் வைத்து இரு தோள்களின் இடத்தையும் குறியுங்கள். சாய்வு மட்டத்தை மேல், கீழ் விளிம்புகளில் வைத்தும் மூலைமட்டத்தை அகன்ற முகங்களில் வைத்தும் குறிக்கத்தியால் கோட்டைச் சுற்றிவரச் செய்யுங்கள். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கட்டை சதுரமாக இல்லை. முதலில் அதை இழைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு கத்திக் கோட்டின் கழிவுப் பக்கத்தில் பட்டை உளியால் மெல்லிய சரிவு ஒன்று சீவிவிட்டால் ரம்பம் தானாக அந்தக் காடியில் உட்கார்ந்து நேராக இறங்கும்.

நாக்கின் கன்னங்களை (அகன்ற இரு பக்கங்களை) 0.5 மி.மீ. தடிப்பாக அறுத்து, உளியால் சீவிப் பொருத்துங்கள். கைவிசையில் பாதி இறங்கி, மீதிக்குக் கொட்டாப்புளியின் லேசான தட்டு வேண்டும், அதுதான் பதம். தலைகீழாகத் தூக்கினால் நழுவி விழுகிறதென்றால் தளர்வு. பதற வேண்டாம், அதே மரத்தின் இழைப்புச் சுருளைக் கன்னத்தில் ஒட்டி, காய்ந்ததும் மறுபடி சீவலாம். ஓங்கி அடித்தால்தான் போகிறதென்றால் நிறுத்திவிடுங்கள். கால் பிளந்தபின் ஒட்ட எதுவும் இருக்காது.

அடிச்சட்டங்களைத் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகவும், அவ்விரண்டையும் நடுவில் இணைக்க ஒன்றாகவும் வையுங்கள். அங்கே பின்னங்கால் சாய்ந்திருப்பதால் பின்தோள் இரண்டு திசையிலும் கோணலாக வரும், படத்திலிருந்தே எடுங்கள். அடிச்சட்டம் இல்லாத நாற்காலி பார்வைக்கு இலகுவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாய்கிறவரின் நெம்பலில் பெரும் பங்கை அடிச்சட்டம் வாங்கிக்கொள்கிறது. முதல் நாற்காலியில் அதை விட்டுவிடாதீர்கள்.

முதுகுப் பட்டைகள்

கட்டை செவ்வகமாக இருக்கும்போதே இரு முனையிலும் 15 மி.மீ. நீள, 8 மி.மீ. கன நாக்குகளை வெட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வளைவை அறுக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் வளைந்த முனையில் மூலைமட்டம் வைக்க இடமிருக்காது. தோள்களுக்கிடையே 304 மி.மீ. தூரத்தில் நடுப்பகுதி 18 மி.மீ. பின்னால் போகட்டும், ஆரம் சுமார் 650 மி.மீ. பட்டையின் கனம் 14. கீழ்ப்பட்டையின் நடு, இருக்கைக்கு மேல் 170 முதல் 200 மி.மீ.க்குள் இருந்தால் இடுப்பின் குழிவைத் தாங்கும். அதற்குக் கீழே காலியாக விடுங்கள். உட்காருபவரின் பின்புறத்துக்கும் இடம் வேண்டும்.

ஒட்டுமுன், ஒட்டும்போது

பசையில்லாமல் முழு நாற்காலியையும் ஒருமுறை பூட்டுங்கள். எந்தக் கிளாம்ப் எங்கே, எந்தத் துண்டு முதலில் என்பதை அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். வெள்ளைப் பசை பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது. வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சத் தெரிந்தால் அதையே பயன்படுத்தலாம். சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்பதால் ஐம்பது ஆண்டு கழித்துப் பழுதுபார்ப்பவர் உங்களை வாழ்த்துவார். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் நாக்கைத் துடைத்துவிடுங்கள்.

முதல் நாள் பின்பக்கச் சட்டகமும் முன்பக்கச் சட்டகமும் தனித்தனியாக. பசையைத் துளையின் சுவர்களில் தடவுங்கள், நாக்கில் மெல்லிய பூச்சு போதும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமமாக்குங்கள். மறுநாள் பக்கச் சட்டங்களையும் அடிச்சட்டங்களையும் வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். இங்கே கிளாம்ப் சாய்வில் வழுக்கும். 6 பாகையில் அறுத்த ஆப்புத் துண்டுகளை அதன் வாய்க்கு அடியில் வைத்தால் வழுக்காது. மேலிருந்து பார்க்கும்போதும் மூலைவிட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அகலம் வேறானாலும் இது மாறாது.

பக்கச் சட்டமும் பின்னங்காலும் சேரும் மூட்டுக்கு மட்டும் இன்னொரு காப்பு: இழுத்துப் பூட்டும் மர ஆணி. பூட்டிப் பார்க்கும் கட்டத்திலேயே இதற்கான துளைகளைப் போட்டுவிடுங்கள். காலின் வெளிமுகத்தில், தோளிலிருந்து 12 மி.மீ. தள்ளி 6 மி.மீ. துளை. நாக்கை உள்ளே தள்ளி, துரப்பண முனையால் நாக்கில் புள்ளி வைத்து வெளியே எடுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து 1 மி.மீ. தோள் பக்கமாக நகர்ந்து நாக்கில் துளையுங்கள். ஒட்டும்போது, முனை கூர்ந்த மர ஆணியை அடித்தால் அது இரு துளைகளையும் நேராக்க முயன்று நாக்கை உள்ளே இழுக்கும். தோள் "கிறீச்" என்று காலில் போய்ப் படியும். கவனம்: எதிர்ப்பக்கம் நகர்த்தித் துளைத்துவிட்டால் ஆணி நாக்கை வெளியே தள்ளும். ஆணியை ரம்பத்தால் அறுக்காமல், நேர் நார் உள்ள துண்டைப் பிளந்து செய்யுங்கள். வளைந்துகொண்டு போக அப்போதுதான் முடியும்.

இருக்கை

மூன்று நான்கு பலகைகளை ஒட்டி, நார் இடவலமாக ஓடும்படி வையுங்கள். தொடை படும் முன்விளிம்பு அப்போது வெட்டுமுகமாக இராது. ஆனால் முன்பின் திசையில் பலகை ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை 430 மி.மீ. அகலத்தில், ஈரம் 4 சதவீதம் மாறினால் ஏறத்தாழ 3 மி.மீ. நகரும். நாலாபுறமும் திருகி இறுக்கினால் ஒரு பருவத்தில் பிளக்கும். பின் சட்டத்தில் மட்டும் கீழிருந்து இரண்டு திருகாணிகளை இறுக்கிப் போட்டு, பக்கச் சட்டங்களிலும் முன் சட்டத்திலும் முன்பின் நீண்ட துளைகள் வழியாகத் திருகுங்கள். நகர்வு முழுவதும் முன்விளிம்பில் நடக்கும். அங்கே 15 மி.மீ. வெளியே நீட்டியிருப்பதால் யாருக்கும் தெரியாது.

பொருத்துமுன் மேல்முகத்தைக் குழித்துவிட வேண்டும். மிக ஆழமான இடம் பின்விளிம்பிலிருந்து சுமார் 150 மி.மீ. முன்னால், 9 மி.மீ. போதும். வளைந்த உளியால் நாருக்குக் குறுக்காகத் தோண்டி, பிறகு ஸ்க்ரேப்பர் தகட்டால் சீராக்குங்கள். கண்ணை நம்ப வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் உடனே அகப்படும்.

நான்காவது கால்

முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாது. நான்காவது கால் வந்துதான் நாற்காலி என்ற பெயரும் வந்தது, ஆட்டமும் வந்தது. எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் முதலில் ஒரு கால் தூக்கும். தூக்கும் காலைப் பார்த்து எதிர்க்காலைக் கொஞ்சம், பிறகு இதைக் கொஞ்சம் என்று சீவத் தொடங்கினால் கடைசியில் குழந்தை உட்காரும் மணைதான் மிஞ்சும்.

தட்டையான பலகையின்மேல் நாற்காலியை வைத்து, ஆடும் காலின் கீழே மெல்லிய ஆப்புகள் செருகி, சட்டங்கள் மட்டமாகும்வரை சரிசெய்யுங்கள். ஒரு மரத்துண்டின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அந்தத் துண்டைத் தரையோடு நகர்த்தி நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். நான்கு கோடுகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். அதில் அறுத்தால் முடிந்தது. பாதத்தின் விளிம்புகளை 2 மி.மீ. சரித்துவிடுங்கள். இழுக்கும்போது நார் பெயராது.

மெருகு

ஸ்க்ரேப்பருக்குப் பின் 120, 180, 220 என்று உப்புத்தாள். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரைத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் தேவை. பூச்சுக்கு அவலரக்குப் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஈரமும் சூடும் பட்டால் வெளுக்கும். அன்றாடம் புழங்கும் நாற்காலிக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் எனக்குப் பிடிக்கும். மெல்லியதாகத் தடவி, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுத்து, ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. மூன்று போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்துவிட்டோ தண்ணீரில் நனைத்துவிட்டோதான் எறிய வேண்டும்.

ஒரு வாரம் கழித்து நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, எல்லோரையும் செய்யாதே என்று சொல்வதைச் செய்யுங்கள்: முன்னங்கால்களைத் தூக்கிச் சாய்ந்து, மெல்ல இறக்குங்கள். நாலைந்து முறை. பிறகு எழுந்து, பக்கச் சட்டமும் பின்னங்காலும் சேரும் தோள் கோட்டில் ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். மேலேயும் கீழேயும், இரண்டு பக்கமும். தாள் எங்கும் நுழையவில்லை என்றால், அடுத்த நாற்காலிகளுக்கு மரம் பார்க்கத் தொடங்கலாம்.